இஸ்திரி நோட்டு

கீழ்வீட்டுப் பெண் தன் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு எழுதிய கட்டுரையை என்னிடம் நீட்டினாள். அது மண்டேலாவில் தொடங்கி அப்துல் கலாமில் முடிந்தது. நடுவில், வறுமைக் கூண்டை உடைத்துக்கொண்டு வானத்தை அளக்கத் துடிக்கும் பறவை ஒன்று வந்து போனது.

“யார் இந்தப் பறவை?” என்று கேட்டேன்.

“நான்தான், பெரியம்மா.” சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். “செல்பேசியில் கேட்டேன். அது எழுதிக் கொடுத்தது.”

அந்தப் பறவை எனக்குப் பழக்கமானதுதான். ரயில்வே கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு விண்ணப்பங்களைப் படித்துத் தருகிறேன். ஆறு ஆண்டுகள் ஆயிற்று. ஜூன், ஜூலையில் எங்கள் அயனாவரம் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் காகிதக் கட்டுகள் ஏறிவிடும். நானும் என் கணவரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிடுவோம். அந்தக் கட்டில் பத்துக்கு ஐந்து பேர் பறவை. மீதியில் இரண்டு பேர் மெழுகுவர்த்தி. கஷ்டப்படும் பிள்ளைகள்தான், அதில் பொய் கிடையாது. ஆனால் நாற்பதாவது பறவையைப் படிக்கும்போது எந்தப் பிள்ளையின் முகமும் கண்முன் வருவதில்லை.

எங்கள் அறக்கட்டளைக்கு நீ விண்ணப்பிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒரே கட்டடத்தில் குடியிருந்துகொண்டு, நானே திருத்தி நானே மதிப்பெண் போடுவது சரிப்படாது. அவளுடைய அம்மாவுக்கு அதில் வருத்தம். “கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே, அக்கா” என்றார். அலையத்தான் வேண்டும் என்றேன். வேறொரு அறக்கட்டளை ஒன்று, அரசின் கல்வி உதவித்தொகை ஒன்று என்று முடிவானது. இரண்டுக்கும் சேர்த்து மூன்று வாரம் பிடித்தது.

கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காகிதங்களைப் பரப்பினோம். இது எனக்குப் பிடித்த வேலை.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். இவளுடைய பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் நிற்கிறது. ஆதாரில் அதே எழுத்து விரிந்து அப்பாவின் முழுப் பெயராகிவிட்டது. வங்கிப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறது. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பெண்கள். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது பெரும்பாடு என்பதால் அதையே மூலமாக வைத்துக்கொண்டு, ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றி, அதன் பிறகு வங்கிக்குப் போனோம். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு இதை முடித்துவிடுகிறவர்கள் புத்திசாலிகள். நாங்கள் ஜூனில் போனோம். டோக்கன் எண் 87.

வங்கியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. “ஆதார் இணைத்துவிட்டேன்” என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்ததை நினைத்துச் சொல்வது அது. அரசுப் பணம் ஆதார் எண்ணை வைத்து வரும்போது, வங்கிகளுக்கிடையே பணம் கைமாறுவதை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பதிவில் அந்த எண்ணுக்கு எந்தக் கணக்கு இருக்கிறதோ அங்கேதான் போய்ச் சேரும். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு பையனின் பணம், விடுமுறையில் கூரியர் வேலைக்குப் போனபோது தொடங்கி மறந்தே போன கணக்கில் விழுந்து கிடந்தது. அட்டை தொலைந்துவிட்டது, அந்தச் செல்பேசி எண்ணும் இல்லை. பணம் வரவில்லை என்று அவன் கல்லூரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். மை ஆதார் தளத்தில் உள்நுழைந்தால் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. பார்த்தோம். இவளுக்குச் சரியாகவே இருந்தது.

அடுத்து வருமானச் சான்று. என் பொறுமை கொஞ்சம் போனது இங்கேதான்.

அவளிடம் இருந்த சான்றில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். மாதம் 6,000. இந்த எண்ணை நான் எத்தனையோ விண்ணப்பங்களில் பார்த்திருக்கிறேன். கொத்தனாருக்கும் 72,000, தையல்காரருக்கும் 72,000. யாரோ எப்போதோ சொல்லிவைத்த எண், ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் கட்டுரையிலோ, அம்மா இஸ்திரி வண்டியில் கரிச் செலவு போக ஒரு நாளைக்கு 400 ரூபாய் சம்பாதிக்கிறார், அப்பா ஒரு அடுக்ககத்தில் இரவுக் காவலாளி, சம்பளம் 10,000 என்று இருந்தது. படிக்கிறவர் மனக்கணக்குப் போட மாட்டாரா? நான் போடுவேன். 400 ரூபாய், 26 நாள், 12 மாதம்: 1,24,800. அப்பாவுடையது 1,20,000. ஆக 2,44,800. சான்று ஒன்று சொல்கிறது, கட்டுரை வேறொன்று சொல்கிறது. இரண்டில் எது பொய் என்று படிக்கிறவர் தேட மாட்டார். இரண்டையும் சந்தேகப்பட்டுவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார்.

“உண்மையைச் சொன்னால் கிடைக்காமல் போய்விடும், அக்கா” என்றார் அவள் அம்மா.

போகாது. அவள் விண்ணப்பிக்கும் அரசு உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். உண்மையான எண்ணும் வரம்புக்குள்தான் நிற்கிறது, மயிரிழையில் என்றாலும். இன்னும் சொன்னால், பொறியியல், டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஏஐசிடிஇ என்ற மத்திய தொழில்நுட்பக் கல்விக் குழு தரும் பிரகதி உதவித்தொகைக்கு வரம்பு 8 லட்சம். ஆண்டுக்கு 50,000 ரூபாய். நடுத்தரக் குடும்பங்கள்கூடத் தகுதி பெறும் அதற்கு, நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும் என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இ-சேவை மையத்தில் புதிதாக, உள்ளபடி எழுதிக் கொடுத்தோம். விசாரணைக்கு அழைத்த அலுவலர் “இவ்வளவு போடவா?” என்று இரண்டு முறை கேட்டாராம். போடுங்கள் என்று அவள் அம்மாவே சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவு எனக்குக் குழிப்பணியாரம் வந்தது.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்றையும் பார்த்தோம். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், வருமான வரம்பு 4.5 லட்சம். பிளஸ் டூவில் 80 பெர்சன்டைலுக்கு மேல் இருக்க வேண்டும். 80 சதவீத மதிப்பெண் என்று இதைப் படித்துவிட்டு ஏமாறுகிறவர்கள் பலர். அதே வாரியத்தில், அதே பிரிவில் எழுதியவர்களில் நீ எங்கே நிற்கிறாய் என்பது கணக்கு. ஆனால் வேறு உதவித்தொகை எதையும் பெறக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவளுக்கு மாநில அரசின் உதவியே பொருந்தியது, இதை விட்டுவிட்டோம்.

இப்போது கட்டுரை.

“நீ என்னவெல்லாம் செய்திருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் இல்லை, பெரியம்மா. என்சிசி இல்லை. பேச்சுப் போட்டிக்குப் போனதில்லை. கபடியில் பேர் கொடுத்தேன், எடுக்கவில்லை.” பிளஸ் டூவில் 541 மதிப்பெண். அரசுப் பள்ளி, தமிழ்வழி, வணிகவியல் பிரிவு. அதைக்கூட ஏதோ தப்புச் செய்தவள் போலத்தான் சொன்னாள். அரை மணி நேரம் நான் கேட்கக் கேட்க “அதெல்லாம் இல்லை” என்றே பதில் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து குரல்: “நோட்டை எங்கே வைத்தாய்? பி பிளாக் அம்மா கணக்குக் கேட்கிறார்!”

என்ன நோட்டு என்று கேட்டேன். தயங்கித் தயங்கி எடுத்து வந்தாள். நீள வாக்கில் பைண்ட் செய்த நோட்டு, அட்டையில் கரி படிந்த கைரேகை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். தேதி, சட்டை எத்தனை, பேண்ட் எத்தனை, புடவை எத்தனை, கொடுத்தது, வர வேண்டியது. துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்பவரிடம் ஒரு டிக் வாங்கிவிடுகிறாள். மழைக்காலத்து நாட்களுக்கு ஓரத்தில் ஒரு சிறிய குடை வரைந்திருக்கிறாள். வண்டி போடாத நாள். நவம்பர் பக்கம் முழுக்கக் குடைகள்.

எட்டாம் வகுப்பிலிருந்து எழுதுகிறாளாம். ஐந்து ஆண்டுக் கணக்கு, நான்கு நோட்டு.

நான் பார்த்த பேரேடுகள் கொஞ்ச நஞ்சமில்லை. கையால் எழுதிய காலத்திலும் பார்த்தேன், கணினி வந்த பிறகும் பார்த்தேன். இந்த நோட்டில் கூட்டல் பிழை இருக்கிறதா என்று மூன்று பக்கம் போட்டுப் பார்த்தேன். (கெட்ட பழக்கம்தான், போகாது.) ஒரு பக்கத்தில் பத்து ரூபாய் உதைத்தது. காட்டினேன். “அந்த ஆன்ட்டி சில்லறை இல்லை என்று பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை, கொத்தமல்லி கொடுத்தார்கள், பெரியம்மா. அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை” என்றாள்.

மேற்கொண்டு நான் எதுவும் சொல்லித்தரவில்லை. கீழே போய் இந்த நோட்டைப் பற்றி மட்டும் எழுது, தமிழில் எழுது, பறவை வரக் கூடாது என்று அனுப்பினேன். அந்த அறக்கட்டளை தமிழிலும் எழுதலாம் என்று படிவத்திலேயே சொல்லியிருக்கிறது. அப்படிச் சொல்லியிருந்தும் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவதை நான் எங்கள் கட்டிலேயே பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ. மறுநாள் மாலை அவள் கொண்டுவந்ததிலிருந்து ஒரு பகுதியை அவள் அனுமதியோடு தருகிறேன்:

“முதல் மாதம் எழுதியபோது 212 துணிகளுக்குக் காசு வரவில்லை என்று தெரிந்தது. அம்மா யாரையும் கேட்க மாட்டார். ஞாபகத்தில் இருப்பதாகச் சொல்வார். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் போட்டேன். ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டு துணி போடுவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் மூன்று மாதத்தில் பாக்கியைக் கொடுத்தார்கள். பட்டுப் புடவைக்கு ஆறு சட்டைக்கு ஆகும் நேரம் ஆகிறது, ஆனால் மூன்று சட்டைக் காசுதான் வாங்குகிறோம் என்று நோட்டைப் பார்த்தபோது தெரிந்தது. அம்மாவிடம் சொல்லி 30 ரூபாயை 50 ஆக்கினேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் பாடத்தில் வாராக்கடன் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.”

இரண்டு சந்திப் பிழைகளைத் திருத்தினேன். பேனாவை மூடிவிட்டேன்.

செலவுப் பட்டியலுக்குத்தான் மறுபடி சண்டை. முதலில் ‘ஆண்டுத் தேவை: 1,00,000’ என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தாள். ஐந்து ஆண்டாகக் கறிவேப்பிலைக்குக் கணக்கு எழுதுகிறவள், தன் படிப்புக்கு முழு லட்சம் என்று எழுதலாமா? உட்கார்ந்து பிரித்தோம். உதவிபெறும் கல்லூரியில் பி.காம். கட்டணம் 16,400. இரண்டு பருவத்துக்கும் தேர்வுக் கட்டணம் 2,600. புத்தகம், நோட்டு 3,200. டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கான பயிற்சி வகுப்பு 6,500. பஸ்ஸுக்கு மாதம் 1,000 என்று போட்டிருந்தாள். சென்னையில் விண்ணப்பம் படிக்கிற எவருக்கும் தெரியாதா, 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று? கேட்டேன். டேலி வகுப்பு முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது, சில நாள் சாதாரணப் பேருந்து வரவே மாட்டேன் என்கிறது, அப்போது சொகுசுப் பேருந்தில் ஏறுகிறேன் என்றாள். எத்தனை நாள்? எண்ணிப் பார்த்தால் ஆண்டுக்கு நாற்பது வரும். 20 ரூபாய் வீதம் 800. அதையே, காரணத்தோடு, எழுதச் சொன்னேன். மொத்தம் 29,500.

வரவுப் பக்கம் காலியாக இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்டில் வந்தது. ஊருக்கே தெரிந்த இந்தப் பணத்தை அவள் எழுதவில்லை. எழுதினால், “உனக்குத்தான் கிடைக்கிறதே” என்று தள்ளிவிடுவார்களாம். மறைத்தால்தான் தள்ளுவார்கள் என்று சொல்லி 12,000-ஐ வரவில் ஏற்றினோம். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை என்று அடியில் ஒரு குறிப்பு. துண்டு விழும் தொகை 17,500. கேட்டதும் அதுவே.

பரிந்துரைக் கடிதம் சுலபமாக முடிந்தது. “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்றுதான் பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஒரே வாரத்தில் முப்பது பிள்ளைகள் வந்து நிற்பார்கள். தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன் என்றவளை, கணக்குப்பதிவியல் ஆசிரியையிடம் போகச் சொன்னேன். கூடவே நோட்டையும் எடுத்துப் போகச் சொன்னேன். அந்த அம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, பள்ளித் தாளில் கைப்பட ஆறு வரி எழுதிக் கொடுத்தார். ஆறு வரியில் ஒரு வரி, வகுப்புச் சுற்றுலாப் பணத்தில் மீதி 340 ரூபாயைப் பிள்ளைகளுக்குத் தலைக்கு எவ்வளவு என்று இவள் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி. எனக்குக்கூட இவள் சொல்லாத விஷயம்.

என் காலத்தில் இதற்கெல்லாம் கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கெல்லீஸ் வரை நடந்து, ஓர் அதிகாரியின் வீட்டு வாசலில் அவர் பூஜை முடித்து வரும்வரை நின்றது நினைவில் இருக்கிறது. இப்போது சுயச் சான்றொப்பம் போதும். கொடுத்துவைத்த பிள்ளைகள்.

ஜூலைக் கடைசியில் வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. கீழே ஒரே களேபரம். நான் இறங்கிப் போனபோது, அவள் அம்மா தொலைக்காட்சிப் பெட்டிமேல் போர்வையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அது அம்மன் படம் வைத்த அலமாரி போல ஆகிவிட்டது. எடுங்கள் என்று நானே இழுத்துப் போட்டேன். வந்தவர்கள் இரண்டு பேரும் தொலைக்காட்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டு, தெருமுனைக்குப் போய், அங்கே நின்று பேசியிருக்கிறார்கள்.

நேர்காணல் மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நோட்டைக் கேட்டு வாங்கினார்களாம். ஒரு பெரியவர், அவர் ஆடிட்டராகத்தான் இருக்க வேண்டும், பத்து ரூபாய் உதைத்த அதே பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். இவள் கறிவேப்பிலைக் கதையைச் சொல்லியிருக்கிறாள். “வீட்டுச் செலவில் பற்று எழுதியிருக்க வேண்டும், அம்மா” என்றாராம். வந்து என்னிடம், “நீங்கள் ஏன் இதைச் சொல்லவில்லை, பெரியம்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

ஆகஸ்டில் 17,500 வந்தது. அந்த அறக்கட்டளை 25,000 வரை தரும் என்று பிறகு யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் அம்மாவுக்கு அது இன்னும் ஆறவில்லை. “கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களாமே, அக்கா” என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். நான் குழம்பு அடுப்பில் இருப்பதாகச் சொல்லி ஏறிவிடுகிறேன்.

அரசு உதவித்தொகை இன்னும் வரவில்லை. கல்லூரி மாணவர்களுக்கான மாநில அரசின் யூமிஸ் தளத்தில் பதிந்து, எல்லாவற்றையும் ஏற்றி, 19 நாளாகக் கல்லூரி சரிபார்ப்பில் நிற்கிறது. தளத்தில் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே, அச்சுப்பிரதியோடு கல்லூரி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பிரிவைப் பார்ப்பவரிடம் கையில் கொடு என்று சொல்லியிருந்தேன். இரண்டு முறை போய்விட்டாள். ஒரு முறை அவர் விடுப்பு, ஒரு முறை சர்வர் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை மறுபடி போகிறாள்.

நேற்று மாலை புதிய நோட்டு ஒன்றைக் காட்ட மேலே வந்தாள். பி.காம். ஆரம்பித்த பிறகு போட்ட நோட்டு. கடைசிப் பக்கத்தைத் தன் படிப்புக் கணக்குக்கு என்று ஒதுக்கியிருக்கிறாள். அந்த அரசுத் தொகையை எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். ‘வர வேண்டியவை’ என்பதன் கீழ் இருந்தது. வாராக்கடனுக்கு இன்னும் மாற்றவில்லை.